கூடாரமா ட்ரெய்லரா, ரிவிஷன் ஏழு

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் சிப்காட்டுக்கும் நடுவில் ஒரு ரோடும் ஒரு காலி மனையும்தான் இருந்தன. அதனால் சங்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஊதுகிற மாதிரி இருக்கும். ஷிஃப்ட் தொடங்க அரை மணி இருக்கும்போது ஊதுவார்கள். காலை ஐந்தரை, மதியம் ஒன்றரை, இரவு ஒன்பதரை. என் கம்பெனியில் சங்கு கிடையாது. என் மனைவியின் கம்பெனியில் மணிதான் அடிப்பார்கள். யாரோ ஒருவனுடைய சங்குக்கு நாங்கள் இருவரும் ஆறு வருஷம் தூக்கிவாரிப்போட்டு எழுந்தோம். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

நான் கியர் உதிரிபாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவள் வண்டிகளுக்கு வயர் பின்னிக் கொடுக்கிற கம்பெனியில் லைன் லீடர். எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. இரண்டு பேருக்கும் கோவில்பட்டிப் பக்கம்தான் ஊர். கல்யாணம் முடிந்த மறுவாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவர்கள். அவள் ஷிஃப்டும் என் ஷிஃப்டும் ஒத்துப்போனதே இல்லை. நான் வரும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள், அவள் கிளம்பும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். அவளுக்கு ஞாயிறு லீவு, எனக்கு வெள்ளி. ஊருக்குப் போனால், இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்பார்கள். அதற்கு முதலில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் ஒரு வருஷம், அதிசயமாக இரண்டு கம்பெனிக்கும் ஒரே வாரத்தில் வருடாந்தரப் பராமரிப்பு லீவு விழுந்தது. எனக்கு எப்போதும் டிசம்பர் கடைசி. அவளுக்கு எப்போதும் ஜூன். அந்த வருஷம் அவர்கள் டிசம்பருக்கு மாற்றிவிட்டார்கள். சேர்ந்தாற்போல ஐந்து நாள். செப்டம்பரிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அஞ்சு நாள்ல ஒரு நாளாச்சும், இந்தச் சங்குச் சத்தம் கேக்காத எடத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"அவ்வளவுதான? அது ஒரு பெரிய விஷயமா?" என்றேன். இதைச் சொன்னவன் நான்தான்.

இடம் உடனே கிடைத்துவிட்டது. என் பக்கத்து மேஜையில் அளவு பார்க்கிறவருக்குச் சிங்காரப்பேட்டை. மலையடிவாரத்தில் அவர் அப்பாவுக்கு மாந்தோப்பு இருந்தது. "வாங்க சார், கோழி கூவறதத் தவிர ஒரு சத்தம் வராது. பம்புசெட்டு ரூம் இருக்குது, கூட்டி வுட்டா படுத்துக்கலாம்" என்றார். அந்த இடத்தில் நான் சரி என்று தலையாட்டியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், மோட்டாருக்குப் பக்கத்தில் உரச்சாக்கு நடுவிலா படுக்க வைப்பது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ரோஷத்தோடு ஒரு புத்தகமும் வந்து சேர்ந்தது. எங்கள் கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு வழவழப்பான பத்திரிகையை மேஜையில் விட்டுப் போயிருந்தார். அதில் எதிரெதிர் பக்கங்களில் இரண்டு படங்கள். ஒன்றில், ஜீப்பின் கூரைமேல் ஒரு கூடாரம் விரிந்திருந்தது. ஏணி போட்டு ஏறிப் படுக்க வேண்டும். இன்னொன்றில், கரடுமுரடான பாதைக்கென்று செய்த சின்ன ட்ரெய்லர் ஒன்று ஜீப்பின் பின்னால் நின்றது. உள்ளே மெத்தை, பின்பக்கம் அடுப்பு வைக்கத் தட்டு. என்னிடம் தகரக் கூரை போட்ட பழைய ஜீப் ஒன்று இருந்தது. ஏலத்தில் எடுத்தது. அந்த ஜீப்பையும் அந்தப் படங்களையும் ஒன்றாக நினைத்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

இரண்டில் எது? மனுஷன் இதை டீ குடித்துக்கொண்டே முடிவு செய்துவிடலாம். நான் குவாலிட்டிக்காரன். படிவம் போட்டேன். இடது பத்தியில் கூடாரம், வலது பத்தியில் ட்ரெய்லர். எடை, உறுதி, போட்டு மடக்க ஆகும் நேரம், மழை, ஓடையைக் கடப்பது, சமையல் என்று எட்டு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் மார்க். கடைசியில் குறிப்புகளுக்கு ஒரு கட்டம். அடியில் தயாரித்தவர், ஒப்புதல் அளிப்பவர் என்று கையெழுத்துக்கு இரண்டு இடம். மேலே மூலையில் ரிவிஷன் ஜீரோ என்று எழுதி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளிடம் நீட்டி, "ஒப்புதல்ல கையெழுத்துப் போடு" என்றேன், விளையாட்டாக. அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். நான் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா என்று அவளைச் சத்தம் போட்டது நினைவிருக்கிறது. தாளை நாலாக மடித்துக் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கம்பெனி வாசலை எட்டுவதற்குள் எனக்குக் காற்று ஞாபகம் வந்தது. மலையடிவாரத்தில் காற்றடித்தால் கூரைமேல் இருக்கிற கூடாரம் என்ன ஆகும்? அதைப் படிவத்தில் சேர்க்கவே இல்லையே. சாப்பாட்டு நேரத்தில் ரிவிஷன் ஒன்று போட்டேன். புதிய ரிவிஷன் வந்தால் பழைய தாளை யாரும் தவறிப்போய் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. குறுக்கே சிவப்பில் கோடு இழுத்து, செல்லாது என்று எழுதி, கோப்பில் அடியில் போட்டுவிட வேண்டும். அது எங்கள் கம்பெனி பழக்கம். பையிலிருந்த தாளை எடுத்து, பாதி பிரித்தபடியே கோடு இழுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கோப்பில் அடியில் போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. சேலத்துக்காரர் ஒருவர் கூடாரக் கட்சி. "ஜீப்பு எங்க போவுதோ அங்க வூடும் போவுது சார், பின்னாடி ஒண்ண இழுத்துக்கிட்டுக் கெடக்க வேண்டாம் பாரு" என்பார். சிங்காரப்பேட்டைக்காரர் ட்ரெய்லர் கட்சி. கூடாரத்தை விரித்துவிட்டால் பால் வாங்கப் போகக்கூட ஜீப்பை எடுக்க முடியாதே என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. உடனே ரிவிஷன் இரண்டு. தோப்புக்குப் போகிற வண்டித்தடத்தில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க முடியாது என்று யாரோ சொன்னார்கள். ரிவிஷன் மூன்று. ஜீப்பின் தகரக் கூரை இரண்டு பேர் எடையைத் தாங்குமா என்று நானே ஒரு வெள்ளிக்கிழமை மேலே ஏறிப் படுத்துப் பார்த்தேன். தெருவில் போன பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ரிவிஷன் நான்கு.

எங்கள் வீட்டு ஓனர் கெலவரப்பள்ளி அணைப் பாசனத்தில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு, தோட்டத்து ஆட்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். அவரிடம் ட்ரெய்லர் என்ற வார்த்தையைச் சொன்னதே தப்பு. இந்தப் பக்கத்தில் ட்ரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிறது ஒன்றுதான்.

"ஏமி சார், டிராக்டர் எப்ப வாங்கன? என்ன லோடு ஏத்தப் போற?"

"லோடு இல்லைங்க. நாங்க படுக்கறதுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஏன் சார், என் வூட்ல ஏதாச்சும் குறையா?" என்று கேட்டார். அதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அவளோ ஆரம்பத்தில் ஆசையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு எத்தனை மார்க் என்பாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து, முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "எட்டு மணி நேரம் நின்ன காலோட ஏணி வேற ஏறணுமா?" என்றாள். நல்ல விஷயம் சொன்னாய் என்று உற்சாகமாகி ரிவிஷன் ஐந்தில் ஏணி என்று ஒரு வரி சேர்த்து, கூடாரத்துக்கு இரண்டு மார்க் குறைத்தேன். அவளுடைய முழங்கால் என் தாளில் இரண்டு மார்க். இதை இப்போது எழுதும்போது என்னையே ஒரு அறை விடலாம் போல இருக்கிறது. அன்றைக்கு அவள் ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மார்க் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நவம்பர் கடைசியில் வந்த ரிவிஷன் ஆறில் கூடாரம் ஜெயித்தது. ஏணியோடுதான் ஜெயித்தது. பெங்களூரில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு, அத்திபெலே தாண்டி இரண்டு மணி நேரம் நெரிசலில் நின்று போனேன். கடைக்காரர் அதை வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும், குறைந்தது இரண்டு மாதம் ஆகும் என்றார். லீவுக்கு நாலு வாரம்கூட இல்லை. செப்டம்பரிலேயே வந்திருந்தால் கைக்குக் கிடைத்திருக்கும் என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து ரிவிஷன் ஏழு போட்டு, அங்கே ஒன்று இங்கே ஒன்று மார்க்கை மாற்றி ட்ரெய்லரை ஜெயிக்க வைத்தேன்.

பாகலூர் ரோட்டில் ஒரு வெல்டிங் ஷாப். அதன் ஓனர் கைசுத்தமான வேலைக்காரர். சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு ஸ்டாண்டும் தள்ளுவண்டியும் செய்து கொடுப்பவர். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். "டென்ஷன் பேடா சார், நான் மாடிக் குடுக்கறேன்" என்றார். டென்ஷன் வேண்டாம், செய்து தருகிறேன் என்று அர்த்தம். பழைய ட்ரெய்லர் ஒன்றின் அடிச்சட்டமும் சக்கரமும் அவரிடமே கிடந்தன. அதன் மேல் தகரப் பெட்டி ஒன்று செய்து உட்கார வைத்தால் போதும். பெட்டிக்கு நான் படம் வரைந்து கொடுத்தேன். எல்லாப் பக்கமும் நேர்ச்சுவர், இடது பக்கத்தில் சரியாக நடுவில் கதவு. ரோட்டில் இடது ஓரமாகத்தானே வண்டியை நிறுத்துகிறோம், வலது பக்கம் கதவு இருந்தால் லாரிக்கு முன்னால் அல்லவா இறங்க வேண்டும். அதைப்பற்றி மட்டும் அரை மணி நேரம் யோசித்தேன்.

லீவின் முதல் நாள் காலை, அவள் பாத்திரமும் போர்வையும் கட்டி வைத்துவிட்டு, குளித்து, தலைக்குப் பூ வைத்துத் தயாராக இருந்தாள். ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஷாப் வாசலில் பச்சைப் பெயிண்ட் பளபளக்க நின்றது ட்ரெய்லர். அழகாகத்தான் இருந்தது. கதவு வலது பக்கத்தில் இருந்தது.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். இந்தக் கூத்து எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் நடக்கும். ஒரு பொருளைப் படம் வரைவதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒரு முறையில், பொருளின் இடது பக்கத் தோற்றத்தை நடுப்படத்துக்கு இடது பக்கமே வரைவார்கள். இன்னொரு முறையில் அதை வலது பக்கம் வரைவார்கள். எங்கள் கம்பெனி வெளிநாட்டுக் கூட்டு என்பதால் முதலில் சொன்னது. வெளியே சின்ன ஷாப்புகளில் எல்லாம் இரண்டாவது. எந்த முறையில் வரைந்தது என்று தெரிய, தாளின் மூலையில் ஒரு சின்ன அடையாளம் போட வேண்டும். நான் பின்னால் நின்று பார்க்கிற தோற்றத்தை நடுவில் வரைந்து, கதவுள்ள இடது பக்கத்தை இடது பக்கம் வரைந்திருந்தேன். அவருக்கு இடது பக்கம் வரைந்திருந்தால் அது வலது பக்கம் என்று அர்த்தம்.

"படத்த தப்பாப் படிச்சிருக்கீங்க" என்று கத்தினேன்.

"இருவது வருசமா இப்படித்தான் படிக்கறேன் சார். உங்க படத்துல சிம்பல் எல்லி, எங்க?" என்று அவர் தாளை நீட்டினார்.

மூலை காலியாக இருந்தது. அந்த அடையாளம் இல்லாத படங்களை எத்தனையோ சப்ளையர்களுக்கு நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதுகூடத் தெரியாமல் எதற்குத் தொழில் செய்கிறீர்கள் என்று ஒருவரைக் கேட்டும் இருக்கிறேன். தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் படம் வரையும் விதிகள் உள்ள புத்தகத்தை எடுத்து வந்தேன். அவர் தன் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினார். யார் முறை சரி என்று மதியம் மூன்று மணி வரை சண்டை போட்டோம். மாந்தோப்பில் லாரி எங்கே வரப்போகிறது, கதவு எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள், "சரி, நாளைக்குப் போவோம்" என்று கட்டிய மூட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

இரண்டாவது நாள் காலை, இடது பக்கத்தை வெட்டிப் புதுக் கதவு வைப்பது, வலது பக்கத்தைத் தகடு போட்டு மூடுவது என்று ராசியானோம். வெட்ட ஆரம்பித்தபோது கரண்ட் போனது. அந்த வருஷங்களில் கரண்ட் போவது புதிதல்ல. ஆனால் அன்றைக்கு என்று பார்த்து மாலை நாலு மணிக்குத்தான் வந்தது. ஒரு ஸ்டூலைப் போட்டு அந்தத் தகரப் பெட்டியையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது நாள் மதியம் புதுக் கதவு ஏறியது. ஷாப் ஓனர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார். அந்த நேரம் பார்த்து அவள் டிபன் கேரியரோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீட்டில் சும்மா எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பாள். கேரியரை என்னிடம் கொடுத்துவிட்டு ட்ரெய்லரைச் சுற்றி வந்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், குனிந்து அடியில் பார்த்தாள்.

"இந்தப் பெட்டிய சட்டத்துல எப்படி மாட்டியிருக்கு?"

"போல்ட்டும்மா. எட்டு போல்ட்" என்றார் அவர்.

"முன்னாலயும் பின்னாலயும் ஒரே மாதிரிதான இருக்கு. போல்ட்டக் கழத்திட்டு, தூக்கித் திருப்பி வச்சிருந்தா கதவு இந்தப் பக்கம் வந்திருக்காதா?"

நான் பெட்டியைப் பார்த்தேன். நேர்ச்சுவர், நடுவில் கதவு. அரை மணி நேர வேலை. இரண்டு பேரும் சேர்ந்து மூன்று நாள் விதி பேசியிருக்கிறோம். ஷாப் ஓனர் பீடியைக் கீழே போட்டு மிதித்து, "அய்யோ தேவ்ரே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், "இத முந்தாநாளே வந்து சொல்றதுக்கென்ன?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன்.

"நீங்க என்னய எங்கங்க கேட்டீங்க?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

நான்காவது நாள் பழைய கதவை மூடித் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். பெயிண்ட் அடித்தார்கள். டிசம்பர் குளிரில் பெயிண்ட் காயவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்து என் விரலெல்லாம் பச்சை. பொழுது சாய்கிற நேரத்தில் ட்ரெய்லரை இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவு இடது பக்கம், தெருவோரமாக, மிகச் சரியாகத் திறந்தது. அதைத் திறந்து காட்டியபோது அவள் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு" என்றாள்.

பிறகு அந்த ட்ரெய்லர் ஒரே ஒரு ராத்திரிகூட யாரையும் படுக்க வைக்கவில்லை. அடுத்த ஜூனிலேயே அவள் கம்பெனி லீவைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். ஆறேழு மாதம் வாசலில் வெயிலில் நின்ற பிறகு, வீட்டு ஓனர் தன் ரோஜாக் கூடைகளை ஏற்றிப் போக எடுத்துக்கொண்டார். நாங்கள் பாடுபட்டு மூடிய தகட்டை ஒரே நாளில் பிரித்து எறிந்துவிட்டார். "ரெண்டு பக்கமும் கதவு வச்சியே சார், இந்தாண்ட ஏத்தி அந்தாண்ட எறக்கலாம், நல்ல ஐடியா" என்று என்னைப் பாராட்டவும் செய்தார். இத்தனை வருஷத்தில் என் வேலையை மனதாரப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாவது நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்ல எனக்கு மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன். மறுநாள் காலை அவளுக்கு முதல் ஷிஃப்ட். சிங்காரப்பேட்டைக்குக் கிருஷ்ணகிரி, மத்தூர், ஊத்தங்கரை என்று ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போக நாலு மணி நேரம் ஆகும். நான் விடிவதற்கு முன்பே எழுந்து டயருக்குக் காற்றுப் பார்த்து, மூட்டையை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். ஐந்தரைச் சங்கு ஊதி முடிந்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. போய்ப் பாத்துட்டு சாயங்காலமே திரும்பிரலாம்."

"எதுக்குங்க?"

"ஆசப்பட்டியே."

"முழிக்கணும்னுதான ஆசப்பட்டேன். இன்னைக்கு முழிச்சாச்சுல்ல, இங்கயே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தூங்கிப் போனாள்.

ஜீப்பையும் ட்ரெய்லரையும் அப்படியே விட்டுவிட்டு நான் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். ஏதாவது ஒன்றைக் கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது. அந்தக் கோப்பை எடுத்தேன். ரிவிஷன் ஏழிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன். ஆறு, ஐந்து, நாலு. சத்தம் கேட்டு அவள் எழுந்துவிடக் கூடாது என்று மெதுவாகக் கிழித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த தடத்தோடு ரிவிஷன் ஜீரோ. குறுக்கே நான் இழுத்த சிவப்புக் கோடு. அடியில் ஒப்புதல் கட்டத்தில் அவள் கையெழுத்து. குறிப்புகள் என்ற கட்டத்தில், கோடு போகிற இடத்திலேயே, பொடி எழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தாள்.

"ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரி. ஏணி மட்டும் வேண்டாம், முட்டி வலி. ரெண்டும் தோதுப்படலன்னா ஒரு பாய் போதும்."

மடிப்பை நீவிவிட்டு மறுபடியும் படித்தேன். குறிப்புகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று மெஷின்காரர்களிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். ஐந்து நாள் அலைச்சல் உடம்பில் இருந்தது. தாளைக் கையில் வைத்தபடியே அவள் பக்கத்தில், கட்டில் ஓரத்தில் சாய்ந்தேன். கண் செருகிவிட்டது.

எங்கள் இரண்டு கம்பெனிக்கும் லீவு. ஆனால் அந்தச் சங்குக்கு லீவு இல்லை. மதியம் ஒன்றரைக்கு ஊதியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுந்தோம். எழுந்த வேகத்தில் இரண்டு பேர் கையும் கட்டில் தலைமாட்டில் தொங்கும் அடையாள அட்டைகளுக்குப் போயின. அப்புறம்தான் லீவு என்று உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் பார்வை என் முகத்திலிருந்து கையிலிருந்த தாளுக்கு இறங்கியது.

"இப்பத்தான் படிக்கீங்களா?" என்றாள்.